கப்பலைக் கைது செய்வது எப்படி?

"கடல்சார் சட்டத்துல எல்.எல்.எம். பண்ணப் போறேன்" என்று அக்கா மகன் சொன்னபோது வீட்டில் எழுந்த முதல் கேள்வி, "வக்கீலுக்குப் படிச்சுட்டு கப்பல்ல போய் என்னடா பண்ணப் போற?" என்பதுதான். சட்ட மேற்படிப்பு என்றால் கிரிமினல், கம்பெனி சட்டம், வரி. நம் ஆட்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கப்பலுக்கு என்று தனியாக ஒரு சட்டம், அதற்கு என்று ஒரு கோர்ட் அதிகாரம், அதைப் படிக்க என்று மால்டாவில் 1988-இல் ஐ.நா.வின் கடல்சார் அமைப்பே தொடங்கிய ஒரு கல்வி நிறுவனம் (சுவீடனின் மால்மோவில் அதற்கும் முன்னால், 1983-இல், ஒரு பல்கலைக்கழகமே ஆரம்பித்துவிட்டார்கள்) என்றெல்லாம் இருப்பது யாருக்குத் தெரியும்?

சரக்கு ரசீது, வாடகைக் கப்பல் ஒப்பந்தம், கடல் இன்சூரன்ஸ், மூழ்கும் கப்பலை மீட்டவனுக்குக் கூலி என்று பாடத்திட்டம் நீளமானது. அதையெல்லாம் விட்டுவிட்டு எனக்குப் பிடித்த ஒரே ஒரு விஷயத்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். கப்பலைக் கைது செய்வது. அதன் சரித்திரம் நம்ம மதராஸ் வழியாகத்தான் போகிறது.

முதலில், கப்பலை எதற்குக் கைது செய்யவேண்டும்? தப்பு செய்தது முதலாளி என்றால் முதலாளி மேல் கேஸ் போடவேண்டியதுதானே?

போடலாம். ஆனால் முதலாளி எங்கே இருக்கிறான்? கப்பலில் பறப்பது பனாமா கொடி, இல்லாவிட்டால் லைபீரியா கொடி. சொந்தக்காரன் என்று காகிதத்தில் இருப்பது அந்த ஒரே ஒரு கப்பலைத் தவிர வேறு சொத்து இல்லாத ஒரு கம்பெனி. நிர்வாகம் செய்வது வேறு ஊரில் இன்னொரு கம்பெனி. மாலுமிகளை வேலைக்கு எடுத்தது மூன்றாவது ஊரில் ஓர் ஏஜென்ட். தூத்துக்குடிக்காரர் ஒருவர் தன் ஆறு மாசச் சம்பளத்துக்காக இவர்களில் யாரைத் தேடிப் போவார்? சம்மன் போய்ச் சேருவதற்குள் பேரன் பிறந்துவிடுவான்.

கையில் பிடிபடுகிற ஒரே பொருள் கப்பல்தான். அதுவும் துறைமுகத்தில் நிற்கிற இரண்டு மூன்று நாள் மட்டும். நங்கூரத்தைத் தூக்கிவிட்டால் போச்சு. அதனால் கடல் வணிகம் செய்த நாடுகள் நூற்றாண்டுகளாக ஒரு தந்திரம் வைத்திருந்தன. கப்பலையே பிரதிவாதி ஆக்கிவிடுவது. கடன் பட்டது கப்பல், மோதியது கப்பல், சம்பளம் பாக்கி வைத்தது கப்பல். வழக்கின் தலைப்பிலேயே கப்பலின் பெயர்தான் இருக்கும்.

நடைமுறை சுவாரஸ்யமானது. வக்கீல் மனுப் போடுகிறார். நீதிபதிக்கு முகாந்திரம் இருப்பதாகப் பட்டால் அன்றைக்கே கூட உத்தரவு கிடைக்கும். துறைமுகத்துக்குத் தகவல் போகும், கிளியரன்ஸ் கிடைக்காது, கப்பல் நகர முடியாது. கோர்ட் ஆள் போய் வாரண்டைக் கப்பலிலேயே ஒட்டுவார். அந்தக் காலத்தில் பாய்மரத்தில் ஆணியடித்து மாட்டுவார்களாம். உடனே உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் டெலிபோன் அலறும். கப்பல் சும்மா நிற்கிற ஒவ்வொரு நாளும் பணம் அல்லவா? முதலாளிகள் சேர்ந்து நடத்தும் பரஸ்பர இன்சூரன்ஸ் கிளப்போ ஒரு வங்கியோ உத்தரவாதம் கொடுக்கும். கப்பல் கிளம்பிவிடும், வழக்கு அந்த உத்தரவாதத்தின் மேல் நடக்கும். யாரும் வரவில்லை என்றால் கோர்ட்டே கப்பலை ஏலம் விட்டு, வந்த பணத்தைக் கடன்காரர்களுக்கு வரிசைப்படி பிரித்துக் கொடுக்கும்.

சரி, இந்த அதிகாரம் நம் ஊருக்கு எப்படி வந்தது?

வெள்ளைக்காரன் கொண்டுவந்ததுதான். 1890-இல் லண்டன் பார்லிமென்ட் காலனிகளின் கடல்சார் நீதிமன்றங்களுக்காக ஒரு சட்டம் போட்டது. அதற்கு அடுத்த வருஷம், 1891-இல், இந்தியாவில் ஒரு சட்டம். கல்கத்தா, மதராஸ், பம்பாய் ஹைகோர்ட்டுகளுக்கு இந்த அதிகாரம் உண்டு என்றார்கள். எவ்வளவு அதிகாரம்? இங்கிலாந்தின் ஹைகோர்ட்டுக்கு அப்போது எவ்வளவோ அவ்வளவு. அந்த 'அப்போது' என்ற ஒரு வார்த்தையில்தான் நாம் மாட்டிக்கொண்டோம்.

இங்கிலாந்தில் அப்போது இருந்தது 1861-ஆம் வருஷத்துச் சட்டம். அதன்படி சரக்கு விஷயமாகக் கப்பலைப் பிடிக்கவேண்டும் என்றால், அது துறைமுகத்துக்கு *உள்ளே வந்த* சரக்காக இருக்கவேண்டும். வெளியே போன சரக்குக்குப் பேச்சே இல்லை. இங்கிலாந்துக்காரன் 1920-இல் விழித்துக்கொண்டு தன் சட்டத்தை விரிவாக்கினான். 1925-இல் தொகுத்தான், 1956-இல் மாற்றினான், 1981-இல் மறுபடி மாற்றினான். நமக்கு? 1927-இல் கனடாவிலிருந்து அப்பீல் போன 'யூரி மாரு' வழக்கில் பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது: காலனி கோர்ட்டுகளின் அதிகாரம் 1890-இல் இருந்ததோடு சரி, அதற்குப் பிறகு இங்கிலாந்தில் சேர்த்ததெல்லாம் உங்களுக்குத் தானாக வராது.

கடிகாரம் நின்றுவிட்டது. சுதந்திரம் வந்தது, குடியரசு ஆனோம், 1958-இல் வணிகக் கப்பல் சட்டம் கூடப் போட்டோம். ஆனால் கோர்ட்டின் கைது அதிகாரம் என்று வரும்போது வக்கீல்கள் 1861-ஐத்தான் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது கதாநாயகி வருகிறாள். பெயர் எலிசபெத். எம்.வி. எலிசபெத்.

1984 பிப்ரவரி 8. கோவாவின் மர்மகோவா துறைமுகம். ஓர் இந்திய ஏற்றுமதிக் கம்பெனியின் சரக்கை ஏற்றிக்கொண்ட எலிசபெத், அவர்கள் கேட்ட சரக்கு ரசீதைக் கொடுக்காமலேயே கிளம்பிவிட்டது. சரக்கு ரசீது என்பது லாரி ஆபீஸ் பில் மாதிரி அல்ல, சரக்கின் உரிமையே அந்தக் காகிதத்தில் இருக்கிறது. காகிதம் நம்மிடம் இருந்தால்தான் 'பணம் கொடு, அப்புறம் சரக்கை எடு' என்று வெளிநாட்டில் இருக்கிறவனிடம் சொல்ல முடியும். இங்கே வாங்கியவன் பணம் கொடுக்கவில்லை, அதனால் சரக்கை அவனிடம் ஒப்படைக்காதே என்று ஏற்றுமதிக்காரர் சொல்லியும் கேட்காமல், போன ஊரில் சரக்கை இறக்கிக் கொடுத்துவிட்டார்கள். சரக்கும் போச்சு, பணமும் போச்சு. கப்பலின் முதலாளியோ வெளிநாட்டுக் கம்பெனி.

ஆனால் கப்பல் திரும்பி வந்தது. இந்த முறை விசாகப்பட்டினத்துக்கு. ஏற்றுமதிக்காரர் ஆந்திர ஹைகோர்ட்டுக்கு ஓடினார். ஏப்ரல் 13-ஆம் தேதி கப்பல் கைது. முதலாளிகள் 14,25,000 ரூபாய்க்கு வங்கி உத்தரவாதம் கொடுத்துக் கப்பலை மீட்டுக்கொண்டு, பிறகு இரண்டு ஆட்சேபம் கிளப்பினார்கள்.

ஒன்று, கப்பலைப் பிடிக்கிற அதிகாரம் கல்கத்தா, மதராஸ், பம்பாய் கோர்ட்டுகளுக்குத்தான், ஆந்திராவுக்கு ஏது? இரண்டு, அப்படியே இருந்தாலும் 1861 சட்டப்படி உள்ளே வந்த சரக்குக்குத்தான் பிடிக்கலாம், இதுவோ வெளியே போன சரக்கு.

முதல் கேள்விக்கு ஒரு பதில் கிட்டத்தட்ட சொத்துப் பிரிவினை மாதிரி. விசாகப்பட்டினம் முன்பு மதராஸ் ராஜதானியில் இருந்தது. 1953-இல் ஆந்திரா பிரிந்தபோது மதராஸ் ஹைகோர்ட்டுக்கு அந்தப் பகுதியில் இருந்த அதிகாரமும் கூடவே போனது. பாத்திரம் பண்டம் பிரித்த மாதிரி கப்பலைப் பிடிக்கிற உரிமையும் பிரிந்திருக்கிறது!

இரண்டாவது கேள்விதான் கனமானது. 1992 பிப்ரவரி 26-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி தொம்மன் எழுதினார், நீதிபதி சஹாய் உடன்பட்டுத் தனியாகவும் எழுதினார். தீர்ப்பின் சாரத்தை என் பாஷையில் சொன்னால் இதுதான். நம் ஹைகோர்ட்டுகள் வெள்ளைக்காரன் 1890-இல் அளந்து கொடுத்த அதிகாரத்தை வைத்து மட்டும் பிழைப்பவை அல்ல. அரசியல் சட்டப்படி அவை முழு அதிகாரம் உள்ள நீதிமன்றங்கள். ஒரு குடிமகனுக்கு உரிமை இருந்து, அதை நிலைநாட்ட வழி இல்லை என்று சொல்வதற்கு இல்லை. நாம் கையெழுத்துப் போடாத சர்வதேச ஒப்பந்தங்களில் கூட உலக வணிகத்தின் பொது நியாயம் இருக்கிறது, அதையும் பார்த்துக்கொள்ளலாம். ஆக, உள்ளே வந்த சரக்கானாலும் வெளியே போன சரக்கானாலும் கப்பலைப் பிடிக்கலாம். அப்பீல் தள்ளுபடி.

கவனியுங்கள், இது எல்லாமே 'எங்களை விசாரிக்க உங்களுக்கு அதிகாரம் உண்டா?' என்ற ஆரம்பக் கேள்விக்கு மட்டும். அதற்கே எட்டு வருஷம்! இந்தியாவில் கடல்சார் சட்டம் படிக்கிற யாரும் இந்தத் தீர்ப்பைத் தாண்டாமல் போக முடியாது. மருமகன் புண்ணியத்தில் நானும் படித்தேன். சட்டப் படிப்பு படிக்காதவனுக்கும் விறுவிறுப்பாகத்தான் இருக்கிறது.

இதையெல்லாம் ஒரு சட்டமாக எழுதிவையுங்கள் என்று 1994-இல் சட்ட ஆணையம் தன் 151-ஆவது அறிக்கையில் சொன்னது. பார்லிமென்ட் எழுதியது 2017-இல். அமலுக்கு வந்தது 2018 ஏப்ரல் 1. 1890-க்கும் 2017-க்கும் இடையே 127 வருஷம். மூன்று கோர்ட்டுக்குப் பதிலாகக் கடற்கரை மாநிலங்களின் எட்டு ஹைகோர்ட்டுகளுக்கு அதிகாரத்தைத் தெளிவாகக் கொடுத்தார்கள்.

அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது ஒன்பதாவது பிரிவு. கப்பலின் மேல் ஒட்டிக்கொண்டே போகிற சில கடன்களுக்கு அது ஒரு வரிசை போடுகிறது. கப்பல் கை மாறினாலும், கொடி மாறினாலும், பெயரையே மாற்றிப் பெயிண்ட் அடித்தாலும் இந்தக் கடன்கள் விடாது. அதில் முதல் இடம் யாருக்கு? துறைமுகக் கட்டணத்துக்கு அல்ல, மீட்பு வேலை செய்தவனுக்கும் அல்ல. கேப்டன் முதல் கடைநிலை மாலுமி வரைக்கும் உள்ளவர்களின் சம்பளத்துக்கு. அடுத்தது உயிர்ச்சேதம், காயம். மற்றக் கடன்கள் ஒரு வருஷத்தில் காலாவதி ஆகும், சம்பளத்துக்கு மட்டும் இரண்டு வருஷம். அளவில் சின்னக் கடன்காரனை வரிசையில் முன்னால் நிறுத்துகிற இந்த வழக்கம் ரொம்பப் பழசு. கப்பலைக் கரை சேர்த்தவன் அவன்தானே என்பது அதன் நியாயம்.

ஆனால் காகிதத்தில் முதல் இடம் என்பது வேறு, கையில் காசு வருவது வேறு. சென்னைக்காரர்களுக்கு 2012 அக்டோபர் 31 ஞாபகம் இருக்கும். நீலம் புயலில் பிரதிபா காவேரி என்ற எண்ணெய்க் கப்பல் பெசன்ட் நகர் பக்கம் தரை தட்டியது. ஊரே திரண்டு போய் வேடிக்கை பார்த்தது. தப்பிக்க இறங்கிய உயிர்காப்புப் படகு கவிழ்ந்து மாலுமிகள் சிலர் இறந்துபோனார்கள், இளம் பிள்ளைகள். சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் தட்டுப்பாடு, சம்பளம் பாக்கி என்று அப்போது செய்திகள் வந்தன. கரையிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்.

கைது என்ற ஆயுதம் திரும்பிக் குத்திய கதையும் உண்டு. எகிப்தில் 2017-இல் எம்.வி. அமன் என்ற கப்பலைத் தடுத்து நிறுத்தினார்கள். அந்த ஊர் கோர்ட், கப்பலின் முதன்மை அதிகாரியான ஒரு சிரியாக்காரரைக் கப்பலின் சட்டப்படியான காப்பாளர் என்று நியமித்துவிட்டது. ஒரு கையெழுத்து. அதனால் அவரால் கப்பலை விட்டு இறங்க முடியவில்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போக, கடைசியில் மின்சாரம் இல்லாத கப்பலில் தனி ஆளாக இருந்தார். போனை சார்ஜ் செய்யவும் தண்ணீர் கொண்டுவரவும் கரைக்கு நீந்திப் போய் வருவாராம். 2021-இல்தான் ஊர் திரும்பினார். யாருடைய சம்பளத்துக்காக இந்த ஏற்பாடு பிறந்ததோ, அவரையே கப்பலோடு சேர்த்துக் கட்டிப்போட்டுவிட்டது. கைவிடப்படும் மாலுமிகளுக்காகக் கப்பல்கள் முன்கூட்டியே பண உத்தரவாதம் வைத்திருக்கவேண்டும், நான்கு மாதச் சம்பளம் வரை அதிலிருந்து கிடைக்கும் என்ற சர்வதேச விதி 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதே வருஷத்தில்தான் இந்த மனிதர் மாட்டினார் என்பதையும் சேர்த்துப் படிக்கவேண்டும்.

2017 சட்டத்தின் பலம் தெரிந்தது 2025-இல். மே மாதம் கொச்சிக்கு அருகே எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற லைபீரியக் கொடிக் கப்பல் 640 கன்டெய்னர்களோடு மூழ்கியது. பிளாஸ்டிக் மணிகள் நம் கன்னியாகுமரிக் கரை வரை ஒதுங்கின. மூழ்கிய கப்பலை எப்படிக் கைது செய்வது? அதே குழுமத்தோடு தொடர்புள்ளது என்று சொல்லி, விழிஞ்ஞத்தில் நின்ற இன்னொரு கப்பலைப் பிடிக்க உத்தரவு வாங்கியது கேரள அரசு. கேட்ட நஷ்டஈடு 9,531 கோடி ரூபாய். 14 லட்சத்து எலிசபெத் எங்கே, இது எங்கே!

அதே 2025-இல் கப்பல், துறைமுகம் சம்பந்தமாக ஐந்து புதுச் சட்டங்கள் நிறைவேறின. சரக்கு ரசீதுக்கு அதுவரை நாம் வைத்திருந்த சட்டம் எந்த வருஷத்தது தெரியுமா? 1856. சிப்பாய்க் கலகத்துக்கு முந்தைய வருஷம். 1908-ஆம் வருஷத்துத் துறைமுகச் சட்டமும் 1925-ஆம் வருஷத்துக் கடல் வழிச் சரக்குச் சட்டமும் அதோடு சேர்ந்து ஓய்வு பெற்றன.

புதுச் சட்டம் என்றால் புது வழக்கு. புது வழக்கு என்றால் அதைப் படித்தவர்கள் வேண்டும். முதலாளிகள் பக்கம் நிற்க லண்டனிலும் சிங்கப்பூரிலும் பெரிய பெரிய வக்கீல் நிறுவனங்கள் இருக்கின்றன. சம்பளப் பாக்கியோடு கப்பலில் உட்கார்ந்திருக்கிற ராமநாதபுரத்துப் பையனுக்கு, கப்பல் துறைமுகத்தில் நிற்கிற அந்த இரண்டு நாளுக்குள் மனு எழுதத் தெரிந்த ஒருவர் வேண்டும். தூத்துக்குடியிலோ எண்ணூரிலோ, கூப்பிட்டால் வருகிற தூரத்தில்.