வாள் வடித்த கை

வாளேந்திய மன்னர்களின் பெயர்களை நாம் பள்ளியில் மனப்பாடம் செய்தோம். அவ்வாளை வடித்தவன் யார், அதற்கு உறை செய்தவன் யார் என்று எவரும் நமக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. நம் சரித்திரக் கல்வியின் பெருங்குறை இது. இக்குறையால் நாம் இழந்தது யாது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

டமாஸ்கஸ் வாள் என்னும் பெயர் ஒரு காலத்தில் உலகெங்கும் மதிக்கப்பட்டது. நீரில் அலை ஓடுவது போன்ற வரிகள் அதன் அலகில் படர்ந்திருக்கும். பெயர் சிரியா நாட்டு நகருடையதாயினும், அத்தகைய வாள்களுக்குப் பெயர்போன எஃகுக் கட்டிகள் தென்னிந்தியாவிலிருந்து கப்பலேறிச் சென்றவை. நொய்யலாற்றங்கரையில் கொடுமணல் என்னும் ஊரில் நடந்த அகழ்வாய்வு, ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன்னரே தமிழர் இரும்பும் எஃகும் உருக்கினர் என்பதற்குச் சான்று தருகிறது.

சேலம் பக்கத்துக் கொல்லர் செய்த முறையை 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் எழுதி வைத்துள்ளனர். இரும்புத் துண்டுகளைக் காய்ந்த ஆவாரங் குச்சிகளோடு களிமண் மூசையில் இட்டு, எருக்கிலையால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைப்பர். இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை உலையில் அடுக்கி, கரியிட்டு, இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதுவர். விறகிலுள்ள கரிச்சத்து இரும்பிற் கலந்து எஃகாகும். அக்கட்டியை வாளாக அடிப்பவனுக்கு நெருப்பின் நிறமே அளவுகோல். சூடு மிகுந்தால் வரி மறையும். குறைந்தால் அலகு வெடிக்கும்.

அலகு முடிந்ததும் வேலை முடிந்துவிடாது. உறையில்லாத வாள் ஏந்தியவனையே வெட்டும். தச்சன் இரு பலகைகளை அலகின் அளவுக்குக் குடைந்து பொருத்துவான்; தோல் தொழிலாளி அதன்மேல் தோலை இழுத்துத் தைப்பான். ஆயுத பூசையன்று வாளுக்குச் சந்தனமிட்ட சமூகம், உறை தைத்தவனைத் தெருவுக்குள் விட மறுத்தது. ஏடு ஓரிடத்திலும் உலை வேறிடத்திலும் இருந்தன. ஆகவே வித்தை ஏட்டில் ஏறவில்லை. தந்தை வாயிலிருந்து மகன் செவிக்கு மட்டுமே சென்றது.

பிறகு ஆங்கிலேய ஆலைகளின் மலிவான எஃகு வந்திறங்கியது. 1855-இல் தஞ்சை அரசு முடிந்தபின், அரண்மனை ஆயுதங்களில் சிறந்தவை சென்னைப் பொருட்காட்சி சாலைக்குப் போயின. எஞ்சியவை உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விலைபோயின. 1878-இல் ஆயுதச் சட்டமும் வந்தது. வாங்குவோரில்லாத உலைகள் அவிந்தன. உலையோடு வித்தையும் அவிந்தது.

அதே நூற்றாண்டில் இங்கிலாந்தில் நடந்தது என்ன? 1819-இல் நம் எஃகைச் சோதித்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார் மைக்கேல் பாரடே. அவர் கொல்லன் மகன். புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகியவர். அங்கே கொல்லன் மகன் கைக்குப் புத்தகம் எட்டியது. எஃகைப் படைத்த நம் கொல்லன் மகனுக்கு அது எட்டவில்லை. பின்னும் ஒரு செய்தி: மறைந்த வரிகளை 1990-களில் மீண்டும் வரவழைத்தவர்கள், குதிரைக்கு லாடம் அடித்து வந்த ஆல்பிரட் பெண்டிரே என்னும் அமெரிக்கரும், ஜான் வெர்ஹோவன் என்னும் பேராசிரியருமே. எஃகில் அணுவளவு கலந்திருக்கும் வனேடியம் போன்ற உலோகங்கள் அவ்வரிகளுக்குத் துணைபுரிகின்றன என்று அவர்கள் கண்டனர். கையும் ஏடும் ஒரே மேசையில் அமர்ந்ததால் விளைந்த பயன் இது.

நாம் வாழும் மலாய் நாட்டிலும் ஒரு பாடம் உண்டு. இங்கே கொல்லனுக்குப் பெயர் 'பண்டாய் பெசி'. இரும்பில் வல்லவன் என்பது பொருள். கெரிஸ் வடித்த கைக்கு அம்மொழி தன் சொல்லிலேயே மரியாதை செய்திருக்கிறது.

1970-களில் கப்பல் தளமும் துறைமுகமும் எழுந்த பாசிர் கூடாங்கில், நம் தோட்டத்துப் பிள்ளைகள் இன்று இரும்பை வெட்டியும் ஒட்டியும் பிழைக்கின்றனர். பேனா பிடிக்கும் கிராணிமாராகிய நாமோ 'வெறும் கைவேலைதானே' என்று சொல்லிவிடுகிறோம். பழைய தீங்கு இச்சொல்லில்தான் ஒளிந்திருக்கிறது. பட்டறையிலுள்ள பிள்ளைக்குத் தொழிற்கல்வியும் நூலும் கிடைக்கச் செய்வோம். அவன் அறிந்ததை அவன் பெயராலேயே எழுதி வைப்போம். நம் கொல்லருக்கு நேர்ந்தது அவனுக்கும் நேரலாகாது.