பெரிய திரை ஆல்-இன்-ஒன் கணினி

திரையும் கணினியும் ஒரே உடலாக அமைந்த மேசைக்கணினிக்குக் கடை வழக்கில் ஆல்-இன்-ஒன் என்று பெயர். தாய்ப்பலகை, செயலி, நினைவகம், ஒலிபெருக்கி, கேமரா எல்லாம் திரையின் முதுகுக்குள் அடங்கிவிடும். மேசையில் தனிப்பெட்டி இராது. 24 அங்குலம் இன்று சாதாரண அளவாகிவிட்டதால், 27 அங்குலமும் அதற்கு மேற்பட்டவையுமே பெரிய திரை வகையில் சேரும். இந்த வகையின் நிறைகுறைகளை எடைபோட மகாராஷ்டிரத்தின் புனே நல்ல களம். நகரின் பழைய பேட்டைகளில், அப்பா பல்வந்த் சவுக்கைச் சுற்றி, புத்தகக் கடைகளும் அச்சுத் தொழிலும் நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன. மேற்கே ஹிஞ்ஜவடி, வாகட் பக்கம் மென்பொருள் ஊழியர்களின் வாடகைக் குடியிருப்புகள். பெரிய திரை வேண்டும், ஆனால் இடம் குறைவு என்ற நிலை இரு பக்கத்துக்கும் பொது.

தோற்றம்

1977இல் வந்த கொமடோர் பெட், 1984இல் வந்த ஆப்பிள் மேக்கின்டாஷ் ஆகிய இரண்டுமே திரையை உடலோடு சேர்த்துக்கொண்டவை. மேக்கின்டாஷின் திரை 9 அங்குலம்தான். 1998இல் ஆப்பிள் வெளியிட்ட ஐமேக் 15 அங்குலப் படக்குழாயைச் சுமந்திருந்தது. மேசையில் அது பிடித்த இடமும் அதற்கேற்ப இருந்தது. தட்டைத் திரை வந்த பிறகுதான் இந்த அமைப்புக்கு இடம் மிச்சமாகும் என்ற பெருமை சேர்ந்தது. 2009இல் ஐமேக் 27 அங்குலத்தை எட்டியது. 2014இல் அதே அளவில் 5120×2880 புள்ளிகள் கொண்ட 5கே திரை வந்தது. விண்டோஸ் பக்கத்தில் மைக்ரோசாஃப்ட் 2016இல் 28 அங்குலச் சர்ஃபேஸ் ஸ்டூடியோவைக் கொண்டுவந்தது. வரைபலகைபோலச் சாய்த்துப் பேனாவால் எழுதும்படி அமைந்த கருவி அது. எச்பி, டெல், லெனோவா ஆகியவை சாதாரண வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் ஏற்ற விலையில் 27 அங்குல மாதிரிகளை விற்றுவருகின்றன.

திரையால் கிடைக்கும் பயன்

27 அங்குலத் திரை ஏறத்தாழ 60 செ.மீ. அகலமும் 33.6 செ.மீ. உயரமும் உள்ளது. புத்தகத்தின் எதிரெதிர் ஏ4 பக்கங்கள் இரண்டை உண்மை அளவில் பக்கம் பக்கமாகத் திறந்தால் 42 செ.மீ. அகலம், 29.7 செ.மீ. உயரம் வேண்டும். அது போகக் கருவிப்பட்டைகளுக்கும் இதில் இடம் மிஞ்சும். 24 அங்குலம் என்று விற்கப்படும் திரைகளில் பெரும்பாலானவை 23.8 அங்குலம்; அவற்றின் உயரம் 29.6 செ.மீ. மட்டுமே. மேலே மெனுப்பட்டை வந்தவுடன் பக்கத்தின் அடி மறைந்துவிடும். பக்க வடிவமைப்பாளருக்கு இந்த மூன்று அங்குல வேறுபாடு ஆடம்பரமன்று.

ஆனால் அளவை மட்டும் பார்த்து வாங்குவது தவறு. குறைந்த விலை மாதிரிகள் பல, 27 அங்குலத்திலும் 1920×1080 புள்ளிகளையே தருகின்றன. அங்குலத்துக்கு 82 புள்ளிதான் விழும். அதே புள்ளிகள் 23.8 அங்குலத்தில் 93 ஆகும். பெரிதாக்கிய திரை அதிகமாக எதையும் காட்டுவதில்லை, இருப்பதைத்தான் பெரிதாகக் காட்டுகிறது. ரோமன் எழுத்து இதைத் தாங்கும். மராத்தியின் கூட்டெழுத்துகளும், நம் ணகர னகரச் சுழிகளும் சிறிய அளவில் படிக்கட்டு படிக்கட்டாக உடையும். 2560×1440 புள்ளிகள் என்றால் அங்குலத்துக்கு 109. பிழை திருத்துவோருக்கு இதுவே குறைந்தபட்சம் எனலாம். 5கே திரையில் 218 விழுவதால் திரை எழுத்து அச்செழுத்தை நெருங்குகிறது.

இந்திய மொழி எழுத்துகளைக் கணினியில் ஏற்றிய வேலையில் புனேக்குத் தனிப் பங்கு உண்டு. 1988இல் தொடங்கிய சி-டாக் நிறுவனத்தின் ஜிஸ்ட் குழு இங்கிருந்துதான் இயங்கியது. ஸ்ரீலிபி மென்பொருளைத் தந்த மாடுலர் இன்ஃபோடெக்கும் புனே நிறுவனமே. அதன் தமிழ் எழுத்துருக்கள் தமிழ் அச்சகங்களுக்கும் பழக்கமானவை. யூனிகோடுக்கு முந்தைய இத்தகைய எழுத்துருக்களில் கோத்த பழைய கோப்புகளைக் கையாள விண்டோஸ் தேவைப்படும் இடங்கள் இன்றும் உண்டு. இன்டெல் செயலி கொண்ட பழைய ஐமேக்குகளில் ஆப்பிளின் பூட் கேம்ப் மென்பொருள் வழியாக விண்டோஸை நிறுவ முடிந்தது. 2021 முதல் ஆப்பிளின் சொந்தச் செயலியுடன் வரும் 24 அங்குல ஐமேக்கில் அந்த வழி அடைபட்டுவிட்டது. எனவே திரை எவ்வளவு அழகாக இருந்தாலும், அச்சகத்தார் முதலில் கேட்க வேண்டியது தம் பழைய கோப்பு அதில் திறக்குமா என்பதே.

உடலின் வரம்புகள்

முதுகுக்குள் இருப்பது பெரும்பாலும் மடிக்கணினியின் உறுப்புகள்தாம். பல மாதிரிகளில் செயலி, வெப்பம் குறைவாக வெளியிடும் மடிக்கணினி ரகம். தனிப்பெட்டிக் கணினியில் அகன்ற விசிறி செய்யும் வேலையை இங்கே மெல்லிய விசிறி ஒன்று செய்கிறது. கடிதம், கணக்கு, இணையக் கூட்டம் ஆகியவற்றுக்கு இது தாராளம். நீண்ட காணொளித் தொகுப்பு என்றால் சூடேறி வேகம் குறையும். ஏப்ரல், மே மாதங்களில் புனேயின் பகல் வெப்பம் 40 பாகையை ஒட்டிப் போகும். கட்டுமானம் ஓயாத புறநகரில் தூசியும் சேரும். தனிப்பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி ஊதிவிடலாம். 2012க்குப் பிறகு வந்த மெலிந்த ஐமேக்கைத் திறக்க, முகப்புக் கண்ணாடியை ஒட்டியிருக்கும் பசையை அறுத்து, மூடும்போது புதுப் பசைப்பட்டை ஒட்ட வேண்டும். வீட்டில் ஞாயிற்றுக்கிழமை செய்கிற வேலை இல்லை அது.

மடிக்கணினியின் உறுப்புகள் இருந்தும் அதன் மின்கலம் மட்டும் இல்லை. மின்சாரம் போன நொடியில் திரை இருண்டுவிடும். 2006இல் நகரத்துத் தொழிற்சாலைகளின் மின்னாக்கிகளை உச்ச நேரத்தில் ஓடவிட்டுப் பொதுமக்களுக்கு மின்வெட்டைத் தவிர்த்த ஏற்பாட்டால் புனே நாடெங்கும் பேசப்பட்டது. இன்று அந்த நெருக்கடி இல்லை. என்றாலும் தொழிற்பேட்டைகளின் வார விடுமுறையான வியாழக்கிழமைகளில் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவது வழக்கம். ஆகவே யுபிஎஸ் ஒன்றைக் கூடவே வாங்க வேண்டியிருக்கும். ஒரே கம்பியில் மேசை சுத்தமாகிவிடும் என்ற விளம்பரம் அங்கேயே பாதி பொய்த்துவிடுகிறது.

உட்காரும் முறையிலும் ஒரு சிக்கல். பல மாதிரிகளின் தாங்கி முன்பின் சாயுமே தவிர உயரம் மாறாது. திரையின் மேல் விளிம்பு கண்மட்டத்துக்கு வர வேண்டும் என்பதால், அடியில் தடித்த புத்தகங்களை அடுக்கி வைத்திருக்கும் மேசைகளை எந்த ஊரிலும் காணலாம். பளபளப்பான கண்ணாடி முகப்பு, சன்னலுக்கு எதிரே வைத்தால் பயன்படுத்துபவரின் முகத்தையே காட்டும்.

இரு ஆயுள்

மேற்சொன்ன குறைகளையெல்லாம் ஏதோ ஒரு வகையில் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது ஒன்று உண்டு. நல்ல திரை பத்தாண்டுக்கு மேலும் உழைக்கும். கணினி அதற்கு வெகு முன்பே மென்பொருளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் முதுமை எய்தும். தனித்தனியாக வாங்கியவர் பெட்டியை மாற்றிவிட்டுத் திரையை வைத்துக்கொள்வார். ஆல்-இன்-ஒன் வாங்கியவர் கணினி செத்த அன்றே திரையையும் இழக்கிறார். திரை பெரிதாகவும் தரமாகவும் இருக்க இருக்க இந்த இழப்பும் பெரிதாகிறது. பெரிய திரை இந்த வகையின் தலையாய சிறப்பாகவும் தலையாய பலவீனமாகவும் இருப்பது இதனால்தான்.

2009 முதல் 2014 வரை வந்த பல ஐமேக்குகளை, கேபிள் செருகி வெறும் திரையாகப் பயன்படுத்த வழி இருந்தது. 5கே மாதிரியோடு அந்த வசதி போயிற்று. அக்காலக் கேபிள்கள் அத்தனை புள்ளிகளை ஒரே தடத்தில் ஏந்தத் திணறின. 2022 மார்ச்சில் ஆப்பிள் 27 அங்குல ஐமேக்கையே நிறுத்தி, மேக் ஸ்டூடியோ என்ற பெட்டியையும் ஸ்டூடியோ டிஸ்ப்ளே என்ற 27 அங்குல 5கே திரையையும் தனித்தனியே விற்கத் தொடங்கியது. அந்தத் திரையின் இந்திய அறிமுக விலை 1,59,900 ரூபாய். முந்தைய ஆண்டு வந்த 24 அங்குல ஐமேக் முழுக் கணினியாகவே 1,19,900 ரூபாயில் தொடங்கியது. தொழில்முறைப் பயனர்களுக்குப் பெரிய திரையும் கணினியும் பிரிந்திருப்பதே நல்லது என்று, இந்த வகையைப் புகழுக்குக் கொண்டுவந்த நிறுவனமே ஒப்புக்கொண்டதாக இதைக் கொள்ளலாம். மலிவாக ஒப்புக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம்.

செத்த கணினியின் திரையைக் காப்பாற்றப் பழுதுபார்ப்போரிடம் ஒரு வழி இருக்கிறது. திரைப்பலகத்தின் முதுகில் அச்சிட்ட எண்ணைப் பார்த்து, அதற்குப் பொருந்தும் கண்ட்ரோலர் போர்டை வாங்கி உள்ளே பொருத்தினால் எச்டிஎம்ஐ வழியாக அது மானிட்டராக வேலை செய்யும். கைத்திறன் உள்ளவருக்கு மட்டுமே இது லாபம். மற்றவை குப்பைக்குப் போகும். புனேயில் குப்பை சேகரிப்போரே உறுப்பினர்களாக உள்ள ஸ்வச் கூட்டுறவு, பழைய பொருள்களை வாங்கும் முகாம்களில் மின்கழிவையும் பெற்றுக்கொள்கிறது. 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகள் மறுசுழற்சிப் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் சுமத்துகின்றன. ஆனால் ஓடக்கூடிய திரையைக் கழிவாகவே கணக்கில் வைப்பதை எந்த விதியும் தடுப்பதில்லை.

சந்தை

2023 ஆகஸ்டில் மத்திய அரசு உரிமம் இல்லாமல் இறக்குமதி செய்யக்கூடாதவை என்று அறிவித்த பட்டியலில் மடிக்கணினி, டேப்லெட் ஆகியவற்றோடு ஆல்-இன்-ஒன்னும் பெயர் சொல்லி இடம்பெற்றது. எதிர்ப்புக்குப் பிறகு, நவம்பரிலிருந்து இணையவழி அனுமதி முறையாக அது தளர்ந்தது. புனேயில் திலக் சாலைக் கடைகளில் இவை கிடைக்கும். அங்கே விலைக்கு முன் கேட்க வேண்டியவை சில: புள்ளிகள் எத்தனை, நினைவகத்தைக் கூட்டப் பின்புறம் மூடி உண்டா, எச்டிஎம்ஐ உள்ளீடு உண்டா. கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. முதுகில் உள்ள எச்டிஎம்ஐ துளை பெரும்பாலும் வெளியீட்டுக்கு மட்டுமே. உள்ளீடும் தரும் மாதிரிகள் சில உண்டு. அவற்றில் வேறொரு கணினியைச் செருகித் திரையை மட்டும் பயன்படுத்தலாம்.