இசைத்தட்டு முள்ளின் நேர்வழி



தொடுகோடு ஆரத்திற்குச் செங்குத்து. கரும்பலகையில் எத்தனை முறை போட்டிருப்பேன்! அந்த ஒரு வரிக்காக இசைத்தட்டுக்காரர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

1877-இல் எடிசன் செய்த போனோகிராஃபில் உருளைதான். தண்டில் திருகுமரை இருந்ததால் முள்ளின் பாதை உருளையின் நீளத்தில் நேராகவே போனது. 1887-இல் எமில் பெர்லினர் கிராமபோனுக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் வந்தது தட்டு. தட்டை அச்சில் அழுத்திப் பிரதிகளை எளிதாக எடுத்துத் தள்ளலாம். அதனால் தட்டு வென்றது, நேர்வழி போயிற்று.

எப்படி என்கிறீர்களா? தட்டை வெட்டும் லேத்தில் வெட்டுமுனை ஆரத்தின் மேலேயே நேராக நகர்கிறது. வீட்டில் கேட்கும் பெட்டியிலோ, ஒரு மூலையில் அச்சில் மாட்டிய கை. கவராயம் நேர்கோடு போடுமா? வில்தான் போடும்! வெட்டிய கோணம் ஒன்று, முள் படிக்கும் கோணம் வேறு.

1924-இல் இங்கிலாந்தின் பெர்சி வில்சன் ‘தி கிராமபோன்’ இதழில் இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். கையைச் சற்று வளைத்து, முள்ளைத் தட்டின் மையத்துக்கு அப்பால் எட்டும்படி நீட்டினால் பிழை வெகுவாகக் குறையும். 1938-இல் சுவீடனின் எரிக் லோஃப்கிரென் அதை இன்னும் துல்லியமாக்கினார். ஒழுங்காகப் பொருத்திய 9 அங்குலக் கையில் இன்று பிழை அதிகம் போனால் 2 பாகை அளவுதான். பெரும்பாலோர் காதுக்கு அது போதும் என்பதே என் எண்ணம். ஆனால் வளைத்ததற்குக் கூலி உண்டு. உராய்வு கையை உள்பக்கம் இழுக்கும், அதை அடக்க இன்னொரு எதிர்விசை வைக்க வேண்டும்.

டென்மார்க்கின் பாங் அண்ட் ஓலுஃப்சன் 1972-இல் வெளியிட்ட பியோகிராம் 4000-இல் கை தண்டவாளத்தில் போவதுபோல் நேராக நகரும். கை கொஞ்சம் கோணினால் ஒளியுணரி கண்டுபிடித்து மோட்டாரை ஓட்டும். விலை உயர்ந்த சாமான்.

எனக்குப் பிடித்தது மோட்டாரே இல்லாத வழி. அதே நாட்டுப் பொறியாளர் பவுல் லாடகார்டின் அமைப்பைப் பார்த்துப் பலர் வீட்டிலேயே செய்கிறார்கள். ஓர் அலுமினிய ‘எல்’ ஆங்கிளைக் கூரை முகடுபோல் கவிழ்த்து, அதில் ஊசித்துளைகள் போட்டு, மீன்தொட்டிப் பம்பால் உள்ளிருந்து காற்று செலுத்துவார்கள். மேலே இன்னொரு குட்டி ஆங்கிள், அதில்தான் கை. இரண்டுக்கும் நடுவே மெல்லிய காற்றுப்படலம், தொடுவதே இல்லை. எல்.பி. தட்டில் முள் கடக்க வேண்டியது 9 செ.மீ.க்கும் குறைவு, தட்டின் வரிப்பள்ளமே அதை இழுத்துப் போய்விடும். ரசமட்டம் கொஞ்சம் தப்பினாலும் கை தானே சரிந்துவிடும். பம்பு விட்டுவிட்டு ஊதும், அதனால் நடுவில் ஒரு காலி பாட்டிலை வைத்துக் காற்றைச் சீராக்குவார்கள்.

குறை இல்லாமல் இல்லை. நடுத்துளை அரை மில்லிமீட்டர் விலகிய தட்டு என்றால், முள் அந்தப் பாரம் முழுவதையும் சுற்றுக்குச் சுற்று இடமும் வலமும் இழுக்க வேண்டும். அதனால் கிராம் கிராமாக எடை குறைக்கிறார்கள்.

பேரனும் நானும் ஒன்று செய்து பார்க்கப் போகிறோம். லேத் பட்டறை வைத்திருக்கும் என் பிள்ளைகளே, அலுமினியத்தில் அரை மில்லிமீட்டர் துளை போட எந்த டிரில் பிட் உடையாமல் நிற்கும்? கீழே எழுதுங்கள்.