அரை அங்குலம் எதன் அளவு?

'அரை' என்று பொறித்த இரண்டு ஸ்பானர்களை அருகருகே வைத்தால், ஒன்றின் வாய் 12.7 மில்லிமீற்றரும் மற்றதன் வாய் 23.4 மில்லிமீற்றரும் இருக்கக்கூடும். இரண்டு பொறிப்பும் சரியே. முதலாவது ஏ.எஃப். வகை, தன் வாயின் அகலத்தையே பெயராகக் கொண்டது. இரண்டாவது பழைய விட்வேர்த். தான் திருப்பும் போல்ட்டின் தண்டு எவ்வளவு தடிப்பு என்று சொல்லும், தலையின் அகலத்தைச் சொல்லாது. பழைய ஒஸ்டினையோ மொரிஸையோ கழற்றுகிறவர் இதை வெள்ளைக்காரனின் கோணல் புத்தி என்று தள்ளிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அளவின் பெயர் தண்டிலிருந்து தலைக்கு இடம்பெயர்ந்தது, பெயரிடும் உரிமை செய்பவரிடமிருந்து கழற்றுபவருக்குக் கைமாறியதன் தடயம்.

'ஸ்பானர்' என்ற சொல் மோட்டார் வாகனத்துக்கு மிகவும் மூத்தது. ஜெர்மன் மொழியில் 'ஷ்பானென்' என்றால் இறுக்கி இழுத்தல். பதினேழாம் நூற்றாண்டில் துப்பாக்கிப் பொறியின் வில்லை முறுக்கும் கருவியே ஸ்பானர் எனப்பட்டது. நட்டுக்கு அது பிற்பாடுதான் வந்தது. பிரித்தானியாவில் அப்போது பட்டறைக்குப் பட்டறை மரை வேறு. 1841இல் ஜோசப் விட்வேர்த் 55 பாகைக் கோணத்தில் ஒரு பொது மரையை முன்மொழிந்தார். போல்ட் செய்பவருக்குத் தண்டுதான் முதல்; துளை, டாப், டை எல்லாம் அதன் விட்டத்தை ஒட்டியே அமையும். ஸ்பானரும் அதே பெயரை வாங்கிக்கொண்டது. அதில் கோணல் எதுவும் இல்லை. போல்ட்டைத் தலைப்பக்கமாக மட்டும் பார்ப்பவருக்கே அது கோணல்.

வாகனம் வந்ததும் அந்த ஒழுங்கு குலைந்தது. அதிர்வில் கழலாதிருக்க நுண்மரையான பி.எஸ்.எஃப். 1908இல் வந்தது, அதன் தலை ஒரு படி சிறியது. ஆகவே 7/16 விட்வேர்த் ஸ்பானரே அரை அங்குல பி.எஸ்.எஃப். போல்ட்டுக்கும் பொருந்தியது, ஒரே வாயில் இரு பெயர்களைப் பொறிக்க வேண்டியதாயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது விட்வேர்த் தலைகளும் அதே சிறிய அளவுக்கு இறங்கின. மொரிஸ் கம்பனியின் கதை இன்னும் விசித்திரம். 1923இல் அது கொவென்ரியில் பிரெஞ்சு ஹொட்ச்கிஸ் எஞ்சின் ஆலையை வாங்கியது. ஆலையின் பொறிகள் மெட்ரிக் மரை வெட்டுபவை. ஆனால் பிரித்தானிய மெக்கானிக்கின் கைக்கு ஏற்றபடி தலைகளை மட்டும் விட்வேர்த் அளவில் விட்டார்கள். எம்.ஜி. டி வரிசைக் கார்களின் எஞ்சின்வரை இந்த வழக்கம் நீடித்தது. அங்கே ஸ்பானரில் உள்ள எண், போல்ட்டின் எந்தப் பாகத்துக்கும் அளவே அல்ல. செய்பவர் வைத்த பெயர் கழற்றுபவருக்காகவே உயிர்வாழ்ந்ததற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 1948 நவம்பரில் அமெரிக்கா, பிரித்தானியா, கனடா மூன்றும் மரைகளை ஒன்றாக்க உடன்பட்ட பின் ஏ.எஃப். பரவியது. மொரிஸ் மைனரின் ஏ வரிசை எஞ்சினில் 5/16 போல்ட்டுக்கு அரை ஸ்பானர் பிடிப்பது அதனால்தான்.

பெயர் எதுவானால் என்ன, வாயை அளந்து கிட்டிய மில்லிமீற்றர் ஸ்பானரைப் போடலாமே என்பார்கள். 3/8 விட்வேர்த்துக்கு அது சரி. தலை ஏறத்தாழ 18. ஆனால் யப்பானிய வாகனத்துக்கென வாங்கிய 10, 12, 14, 17 என்ற வரிசையில் 18 இருக்காது. கால் விட்வேர்த் தலையோ 13.3. அதில் 13 ஏறாது, 14 ஆடும். பலம் கொடுத்தால் முனை மழுங்கும்.

இரத்மலானையை முன்வைத்து இன்னொரு மறுப்பும் எழலாம். அங்குள்ள ரயில்வே வேலைத்தளத்தின் பொறுப்பில் இருந்த டீசல் எஞ்சின்களில் பிரித்தானியாவின் பிரஷ் பக்னல், 1954இல் கனடாவிலிருந்து வந்த எம்2, 1969இன் ஜெர்மன் ஹென்ஷல் ஆகியவை அடக்கம். விமானப்படை நூதனசாலையில் பிரித்தானிய ஜெட் புரொவோஸ்டும் சோவியத் மிக்-17உம் இருக்கின்றன. இத்தகைய இடத்தில் கழற்றினால் மட்டும் போதாது, உடைந்த போல்ட்டுக்கு மாற்றும் கடைய வேண்டும். அப்போது தண்டின் பெயர் இல்லாமல் வேலை நடக்குமா? நடக்காது. கைமாறிய உரிமை முழுதாக மாறவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மெட்ரிக் முறை இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. எம்10 என்பது தண்டு, 17 என்பது வாய். பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் தேடுபவர் வெறுமனே 17 போல்ட் என்று கேட்டால், ஜெர்மன் எம்10ஆ, யப்பானிய எம்12ஆ என்று கடைக்காரர் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும்.