ஆயில் ஃபில்டர் இல்லாத காலம்

படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரில் பழைய ஆயில் ஃபில்டரைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுவது இன்று சாதாரண வேலை. ஆனால் இந்த மோட்டார் வந்த பிறகும் பல பத்தாண்டுகள் வரை, அதில் கழற்றுவதற்கு ஃபில்டரே கிடையாது என்றால் நம்புவீர்களா?

அமெரிக்காவில் கேமரன் வாட்டர்மேன் 1907-இல் அவுட்போர்டு மோட்டாருக்குக் காப்புரிமை பெற்றார். நார்வேயில் பிறந்து விஸ்கான்சினில் வளர்ந்த ஓலே எவின்ரூட் 1909-இல் தன் மோட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். குதிரைத்திறன் ஒன்றரை, எடை சுமார் 28 கிலோ. ஏரியில் துடுப்புப் போட்டு ஐஸ்கிரீம் வாங்கி வருவதற்குள் அது உருகிவிட்டதால்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது என்று ஒரு கதையும் உண்டு!

எவின்ரூட்டின் மோட்டார் டூ ஸ்ட்ரோக் வகை. அடுத்த பல பத்தாண்டுகளுக்கு அவுட்போர்டு என்றாலே பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக்தான். இதில் பெட்ரோலும் காற்றும் கிராங்க் அறை வழியாகவே போகும். அதனால் அங்கே ஆயிலைத் தேக்கி வைக்க முடியாது. பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். அந்த ஆயில் எஞ்சினுக்கு ஒருமுறை வழவழப்பு தந்துவிட்டு, பாதி எரிந்தும் எரியாமலும் புகையோடு வெளியேறிவிடும். எங்கே? தண்ணீருக்குள்! கார்புரேட்டர் வைத்த பழைய மோட்டார்களில், ஊற்றிய எரிபொருளில் கால் பங்கு வரை எரியாமலே வெளியே போனது. ஆயில் திரும்பி வராத எஞ்சினில் ஃபில்டருக்கு என்ன வேலை?

ஹோண்டா 1964-இல் ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டை வெளியிட்டது. இதில் ஆயில் எஞ்சினுக்குள்ளேயே தங்கிச் சுற்றிச் சுற்றி வரும். ஆனால் எடையும் விலையும் அதிகம் என்பதால் டூ ஸ்ட்ரோக்தான் தொடர்ந்து கோலோச்சியது. 1996-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை புகைக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டுவந்தது. அவை 1998 முதல் 2006 வரை படிப்படியாக இறுகின. 1999-இல் தாஹோ ஏரியில் கார்புரேட்டர் வைத்த டூ ஸ்ட்ரோக் மோட்டார்களுக்குத் தடை வந்தது. நேரடி எரிபொருள் செலுத்தும் முறையில் டூ ஸ்ட்ரோக்கைத் தூய்மையாக்கிய எவின்ரூட் மோட்டார்களின் உற்பத்தியும் 2020-இல் நின்றுபோனது.

ஆயில் உள்ளேயே தங்கியதும் அதில் உலோகத் துகளும் கரியும் சேரத் தொடங்கின. அவற்றைப் பிடிக்கத்தான் ஃபில்டர். (மிகச் சிறிய மோட்டார்கள் சிலவற்றில் மட்டும் இன்றும் இது இருக்காது.) பொதுவாக 100 மணி நேரம் ஓடியதும் அல்லது ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். எஞ்சினைச் சற்றுச் சூடாக்கி, பழைய ஆயிலை வடித்து, ஃபில்டரைக் கழற்ற வேண்டும். பழைய ரப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புதிய வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவி, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்கி, புது ஆயில் ஊற்றினால் வேலை முடிந்தது.

கடைசியில் கையில் மிஞ்சுவது கறுத்த ஆயிலும் ஒரு பழைய ஃபில்டரும்தான். முன்பு ஏரிக்குள் போன அழுக்கு இப்போது மனிதன் கைக்கு வந்திருக்கிறது. அதை மறுசுழற்சிக்குக் கொடுக்காமல் கரையோரம் கொட்டினால், இத்தனை ஆண்டு மாற்றத்துக்கும் பொருளே இல்லை!