நகரக் காலநிலை வரைபடம்

ஒரு நகரில் வெப்பம் எங்கே தேங்குகிறது, காற்று எந்த வழியாக உள்ளே வருகிறது, எங்கே தடைபடுகிறது என்பவற்றை இடவாரியாகக் காட்டும் திட்டமிடல் ஆவணம் நகரக் காலநிலை வரைபடம் எனப்படுகிறது. அன்றாட வானிலையைச் சொல்வது இதன் வேலையன்று. எந்த நிலத்தில் கட்டடம் எழுப்பலாம், எதைத் தொடக்கூடாது, மரம் நடுவதற்கான பணத்தை முதலில் எந்தத் தெருவில் செலவிட வேண்டும் என்று முடிவெடுக்க இது துணைசெய்கிறது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் இம்முறை முழு வடிவம் பெற்றது.

நகரம் சுற்றுப்புறத்தைவிட இரவில் வெப்பமாக இருப்பதை முதலில் அளந்து எழுதியவர் லண்டனைச் சேர்ந்த மருந்து உற்பத்தியாளர் லூக் ஹோவர்ட். அவரது நூல் 1818க்கும் 1820க்கும் இடையில் வெளிவந்தது. ஓரிரு நிலையங்களின் அளவீட்டை வைத்து அவரால் நகரின் உட்பகுதிகளைப் பிரித்துக் காட்ட முடியவில்லை. அந்தக் குறையைத் தீர்த்தது மோட்டார் கார். 1927இல் வியன்னாவில் வில்ஹெல்ம் ஷ்மிட் வெப்பமானி பொருத்திய காரைத் தெருத்தெருவாக ஓட்டி, சமவெப்பக் கோடுகளுடன் நகரை வரைந்தார். 1937இல் பெனடிக்டின் துறவி ஆல்பர்ட் கிராட்சர் நகரக் காலநிலைக்கென்றே ஒரு முழுநூல் எழுதினார்.

ஸ்டுட்கார்டுக்கு இது ஏட்டுப் படிப்பாக மட்டும் இருக்கவில்லை. நகரின் மையம் மூன்று பக்கமும் குன்றுகள் சூழ்ந்த ஒரு பள்ளத்தில் கிடக்கிறது. காற்றின் வேகம் குறைவு. தொழிற்சாலைப் புகையும் பின்னாளில் வாகனப் புகையும் வெளியேற வழியின்றி அங்கேயே தங்கின. 1938இல் நகராட்சி ஒரு வானிலையாளரைப் பணியில் அமர்த்தியது. அன்று தொடங்கிய நகரக் காலநிலைப் பிரிவு இன்றும் நகராட்சிக்குள்ளேயே இயங்குகிறது. வெளியாள் ஒருவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும் அறிக்கைக்கும், கட்டட அனுமதிக் கோப்பு மேசைக்கு வரும்போதெல்லாம் கருத்துச் சொல்லும் அலுவலருக்கும் உள்ள வேறுபாடே ஸ்டுட்கார்டின் வெற்றிக்கு முதற்காரணம்.

அந்நகரைக் காப்பது மலைச்சரிவின் இரவுக் காற்று. சூரியன் மறைந்ததும் புல்வெளிகளும் வயல்களும் வேகமாக வெப்பத்தை இழக்கின்றன. அவற்றை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, தண்ணீரைப் போலச் சரிவில் இறங்குகிறது. ஒரு சதுர மீட்டர் திறந்தவெளி மணிக்கு ஏறத்தாழ 10 முதல் 12 கன மீட்டர் குளிர்காற்றைத் தருவதாக ஜெர்மானியத் திட்டமிடலாளர்கள் கணக்கில் கொள்கிறார்கள். இந்தக் காற்றோட்டம் மெல்லியது. குறுக்கே ஒரு நீளமான கட்டட வரிசையோ உயர்ந்த சாலைக் கரையோ வந்தால் அங்கேயே நின்றுவிடும். அதனால் சரிவின் மேல்பகுதியில் ஒருவர் கட்டும் வீடு, அடிவாரத்தில் இன்னொருவரின் தூக்கத்தைப் பாதிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இந்தத் தொடர்பை நகரமன்ற உறுப்பினருக்கும் புரியும்படி காட்டியதற்காகவே இந்த வரைபடத்தைப் பெரிதாக மதிக்க வேண்டும்.

1992இல் ஸ்டுட்கார்ட் வட்டாரக் காலநிலை வரைபடத் தொகுப்பு வெளியானது. 2008இல் 179 உள்ளாட்சிகளை உள்ளடக்கிய விரிந்த பதிப்பு வந்தது. இதில் இருவகை வரைபடங்கள் முக்கியமானவை. பகுப்பாய்வு வரைபடம் காடு, தோட்டப்புறம், நகரமையம், தொழிற்பகுதி, ரயில் தடங்கள் என நிலத்தைக் காலநிலைத் தன்மைப்படி பிரித்து, குளிர்காற்று வரும் வழிகளை அம்புக்குறியிட்டுக் காட்டுகிறது. திட்டக்குறிப்பு வரைபடம் அதையே இங்கே கட்டாதே, இங்கே கட்டினாலும் இடைவெளி விடு, இங்கே இருப்பதைச் சீர்செய் என்ற வகையில் நிர்வாக மொழிக்கு மாற்றுகிறது. ஜெர்மானியக் கட்டடச் சட்டம் நிலத்திட்டங்களில் காற்றையும் காலநிலையையும் கருத்தில் கொள்ளக் கட்டாயப்படுத்துவதால், இக்குறிப்புகளை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 1997இல் ஜெர்மானியப் பொறியாளர் சங்கம் இத்தகைய வரைபடங்களுக்கென ஒரு வழிகாட்டு நெறியை வெளியிட்டது.

வரைபடத்தால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. ஸ்டுட்கார்டின் நெக்கார்டோர் சந்திப்பு நாட்டிலேயே மிக மோசமான நுண்துகள் மாசுக்குப் பல ஆண்டுகள் பெயர் பெற்றிருந்தது. 2019இல் பழைய டீசல் வாகனங்களுக்கு நகரம் தடை விதிக்க வேண்டியதாயிற்று.

ஆசியாவில் இம்முறையை முனைப்புடன் எடுத்துக்கொண்டது ஹாங்காங். 2003இல் சார்ஸ் நோய் அமோய் கார்டன்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பில் 300க்கும் மேற்பட்டோரைத் தாக்கியபின், நெருக்கிக் கட்டிய கோபுரங்களுக்கிடையே காற்றோட்டம் பற்றிய கேள்வி பொதுவிவாதமானது. 2006இல் திட்டமிடல் துறை ஒப்படைத்த நகரக் காலநிலை வரைபட ஆய்வை ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் இங் தலைமையிலான குழு 2012இல் முடித்தது. அதே 2006இல் வந்த காற்றோட்ட மதிப்பீட்டு விதி அரசுத் திட்டங்களையே கட்டுப்படுத்துகிறது. தனியார் கட்டுமான நிறுவனங்கள் விரும்பினால் பின்பற்றலாம். நிலவிலை உச்சத்தில் உள்ள நகரில் இது பெரிய ஓட்டை.

முதலீட்டை வழிநடத்தும் வரைபடம் தீங்கும் செய்யும் என்பதற்கு அமெரிக்கா சாட்சி. 1930களில் அரசின் வீட்டுக்கடன் அமைப்பு, கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளை ஆபத்தானவை எனச் சிவப்பு நிறத்தில் குறித்தது. அத்தகைய பகுதிகளுக்குக் கடனும் மரநிழலும் எட்டாமல் போயின. 108 நகரங்களை ஆராய்ந்து 2020இல் ஜெரமி ஹாஃப்மன், விவேக் ஷாண்டாஸ் முதலியோர் வெளியிட்ட கட்டுரையின்படி, அவற்றில் 94 விழுக்காட்டு நகரங்களில் சிவப்புப் பகுதிகளே வெப்பம் மிகுந்தவை. வேறுபாடு சராசரியாக 2.6 டிகிரி செல்சியஸ்.

அந்த ஆய்வு செயற்கைக்கோள் தரவைக் கொண்டது. செயற்கைக்கோள் அளப்பது கூரை, தார்ச்சாலை போன்ற பரப்புகளின் சூட்டை; நடந்து போகிறவர் உணரும் காற்றின் சூட்டை அன்று. அதனால் 2017 முதல் அமெரிக்க நகரங்களில் தன்னார்வலர்கள் உணரிகளைக் காரில் பொருத்தி ஓட்டுகிறார்கள், ஷ்மிட் வியன்னாவில் செய்ததைப் போலவே. 2012இல் ஸ்டூவர்ட், ஓக் ஆகியோர் வகுத்த 17 வகை உள்ளூர்க் காலநிலை மண்டல முறையால், எந்த நகரமும் இலவசச் செயற்கைக்கோள் படங்களிலிருந்தே முதல் வரைபடத்தைப் போட்டுவிடலாம். அதில் குளிர்காற்றின் வழிகள் தெரியா. அவற்றைக் கண்டறியத் தெருவில் இறங்கி அளக்கத்தான் வேண்டும். நகராட்சிகள் பணம் ஒதுக்க வேண்டியது அந்த அளவீட்டுக்கும், அதைப் படித்துச் சொல்லும் நிரந்தர அலுவலருக்கும்.