வெங்காரமும் பஷ்மும்: சாங்தாங் பீடபூமியின் வணிக வரலாறு

திருப்பருத்திக்குன்றம் என்னும் பெயரில் பருத்தியும் உண்டு, குன்றும் உண்டு. ஆயினும் அதனை அடுத்த காஞ்சித் தறிகளுக்குப் பட்டு பெரிதும் கருநாடகத்திலிருந்தும் சரிகை சூரத்திலிருந்துமே வந்துள்ளன. நூல் பிறக்கும் நிலத்தைக் காணாமலே நெய்து பழகிய வட்டாரம் இது. காஷ்மீரமும் அத்தகையதே. அதன் சால்வைக்குரிய பஷ்ம் எனும் மென்மயிர், லடாக்கிலும் மேற்குத் திபெத்திலும் பரந்து கிடக்கும் சாங்தாங் எனும் குளிர்ப்பாலைப் பீடபூமியின் வெள்ளாடுகள் தருவதாகும்.

4,000 மீட்டருக்கு மேற்பட்ட அந்நிலத்தில் உழவு அரிது. சாங்பா மக்கள் ஆடுகளையும் கவரிமாக்களையும் மேய்த்து வாழ்கின்றனர். கடுங்குளிரைத் தாங்க மேல்மயிருக்கு அடியில் வளரும் பஷ்மைக் குளிர் நீங்கியதும் சீவி எடுப்பர். அந்நிலமே கனிமமும் ஈந்தது. பூகா பள்ளத்தாக்கில் வெந்நீர் ஊற்றுகளின் ஓரம் வெண்படலமாகப் படியும் வெங்காரத்தைச் சுரண்டி எடுத்தனர், கந்தகமும் கிட்டியது. திபெத்தின் வெங்காரமும் உப்பும் செம்மறியாடுகளின் முதுகில் சிறு பொதிகளாகவே கணவாய்களைக் கடந்தன. மேய்ச்சல் மந்தையே அங்குச் சுமைவண்டியும் ஆயிற்று.

பொற்கொல்லர் பற்றவைப்புக்குப் பயன்படுத்தும் இவ்வெங்காரத்தை அரபு நூல்கள் ‘தின்கார்’ என்றன. வடமொழியின் ‘டங்கணம்’ என்பதோடு அதன் ஒலியுறவு நோக்கத்தக்கது. கி.பி. 925ஐ ஒட்டி மறைந்த அர்-ராஸீ, கனிமங்களை வகுக்கையில் ‘பவாரிக்’ என ஒரு தனி வகுப்பே கண்டார். சொல் இவ்வளவு தொலைவு நடந்திருக்க, அதைச் சுரண்டிய கைகளைப் பற்றி நம் நூல்கள் பேசாதது வியப்பே.

பஷ்மின் கதை இன்னும் கடியது. முகலாயப் படை லடாக்குக்கு உதவிய போரின் முடிவில், 1684இல் எழுந்த திங்மோஸ்காங் உடன்படிக்கை, மேற்குத் திபெத்தின் பஷ்ம் லடாக் வழியே காஷ்மீரத்துக்கே செல்லவேண்டுமென வரையறுத்தது. காஷ்மீரச் சால்வையை முஸ்லிம் கைவினையின் பெருமையாகப் போற்றும் நாம், அப்பெருமைக்குப் பின்னே, விற்க வேறு வாசலற்ற இடையன் நின்றதையும் ஒப்புக்கொள்ளவே வேண்டும். 1834இல் லடாக்கினுள் புகுந்த டோக்ரா தளபதி ஸோராவர் சிங், 1841இல் மேற்குத் திபெத்தின் மீது படையெடுத்தார். போரினால் பஷ்ம் வேறு வழிகளில் பிரிட்டிஷ் எல்லைப் பக்கம் திரும்பியது அதற்கொரு காரணம். அவ்வாண்டு டிசம்பரில், பனி நடுவே, அவர் கொல்லப்பட்டார். 1842இன் சூசூல் உடன்படிக்கை பழைய வணிக முறையையே மீட்டது.

அத்திபெத்துப் பகுதியில் தோக் ஜாலுங் பொற்சுரங்கத்தை 1867இல் கண்டவர் பண்டித நைன் சிங். அங்குக் குளிர்காலத்திலேயே கூடாரங்கள் மிகுந்தன. உறைந்த மண் சரியாதன்றோ!

வெங்காரத்தின் நாள்கள் அதற்குள் எண்ணப்பட்டிருந்தன. இத்தாலியின் டஸ்கனியிலிருந்தும், 1870கள் முதல் அமெரிக்காவின் நெவாடா, கலிபோர்னியாப் பாலைகளிலிருந்தும் மலிந்த சரக்குச் சந்தையை நிறைத்தது. 1962 போருக்குப் பின் திபெத்து எல்லையும் அடைபட்டது. சாங்பாக்கள் இப்பால் எஞ்சிய மேய்ச்சலில் இன்றும் பஷ்ம் சீவுகின்றனர்.